ஒத்துழைக்கும் உள்ளூர்ச் செயலிகள்

1

எஸ்டோனியாவுக்கு வந்து பதினோரு வருடம் முடிந்த வாரத்தில் என் குடியிருப்பு அட்டைக்கும் ஆயுள் முடிந்தது. புது அட்டை வாங்கினேன். போடியில் இன்னமும் பாதிப் பேர் நான் ஆஸ்திரேலியாவில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்தித் திருத்தி வாய் வலித்துப்போய், இப்போதெல்லாம் "ஆமா, அங்கனதான்" என்று சொல்லிவிடுகிறேன். பின்லாந்துக்குத் தெற்கே, கடலுக்கு இந்தக் கரையில் இருக்கிற சின்ன நாடு இது. தலைநகரம் தால்லின். இங்கே ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறேன். ஏலக்காய் போட்ட பன் என்றால் இந்த ஊர்க்காரர்கள் உயிரை விடுகிறார்கள். போடியில் பிறந்தவளை இத்தனை தூரம் கொண்டுவந்து ஏலக்காய் இடிக்க வைத்திருக்கிறான் அல்லா. அவன் கணக்கு எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை.

இங்கே கையெழுத்துக்குப் பேனா வேண்டாம். அட்டையை ஒரு சின்னப் பெட்டியில் செருகி, அந்தப் பெட்டியை வயரால் கணினியில் மாட்டி, ஐந்து இலக்க ரகசிய எண்ணை அடித்தால் அதுதான் கையெழுத்து. வாடகை ஒப்பந்தமும் அப்படித்தான், பள்ளிக்கூட அனுமதியும் அப்படித்தான். பத்திர ஆபீஸ் வாசலில் இரண்டு சாட்சிகளோடு வெயிலில் நின்றவளுக்கு இது ரொம்பச் சுலபமாகப் பட்டது. சுலபமான எதையும் நம்பக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான்.

புது அட்டை வந்ததும் கணினியிலும் சிலதைப் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் சாதிக், கப்பல்களில் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கிறவர். மூன்று வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. வீட்டில் இருந்த ஒரு நாளில் அவர்தான் உட்கார்ந்து செய்தார். பிரவுசரோடு ஒட்டிக்கொள்கிற எக்ஸ்டென்ஷன் ஒன்றைச் சேர்க்கப் போனபோது அது அனுமதி கேட்டது. என்ன அனுமதி என்று ஒரே ஒரு வரியில் ஆங்கிலத்தில் சொன்னது. ஒத்துழைக்கும் நேட்டிவ் செயலிகளுடன், அதாவது உள்ளூர்ச் செயலிகளுடன், தொடர்புகொள்ளுமாம்.

அவர் கை பொத்தானுக்குப் போய்விட்டது. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒத்துழைக்கும்னா? யாரு கூட யாரு ஒத்துழைக்கிறது?"

எனக்குத் தெரியாமல் என் வீட்டுக்குள் இரண்டு பேர் ஒத்துழைத்தால் எங்கள் ஊரில் அதற்குக் கூட்டுக் களவாணித்தனம் என்று பெயர். அதுவும் போக, நேட்டிவ் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு ஓர் எரிச்சல் வரும். மொழி வகுப்பிலும் சரி, ஆபீஸ் படிவத்திலும் சரி, அந்தச் சொல் வருகிற இடத்தில் நான் இருக்கமாட்டேன். பதினோரு வருடமாகியும் நான் இங்கே நேட்டிவ் ஆகவில்லை. நேற்று இறக்கிய ஒரு செயலி ஆகிவிட்டது.

சாதிக் பொறுமைசாலி. பொறுமை இல்லாமல் என்னோடு இருபது வருடம் குடித்தனம் செய்ய முடியாது. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். வெளியிலிருந்து வருகிற எந்த இணையப் பக்கமும் கணினிக்குள் கை நீட்டக்கூடாது என்று பிரவுசர் சுவர் எழுப்பி வைத்திருக்கிறது. ஆனால் அட்டையைப் படிக்கிற செயலி சுவருக்கு இந்தப் பக்கம், கணினிக்குள் இருக்கிறது. இரண்டும் பேசியாக வேண்டும். அதற்காகச் சுவரில் ஒரு சின்னத் துவாரம். எக்ஸ்டென்ஷன் அந்தத் துவாரம் வழியாக ஒரு சீட்டை நீட்டும், உள்ளே இருப்பது படித்துவிட்டுப் பதில் சீட்டு நீட்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் முன்னால் இது எவ்வளவு நீளம் என்று சொல்லிவிட வேண்டுமாம். சொன்ன நீளத்துக்கு மேல் ஏதாவது முணுமுணுத்தால் பேச்சே முறிந்துவிடுமாம். இந்த ஏற்பாட்டை என் நாத்தனாருக்கும் செய்து தர முடியுமா என்று கேட்டேன்.

"யாரு வேணாலும் சீட்டு நீட்டலாமா?" என்றேன் அடுத்து.

"முடியாது. யார் யாரு பேசலாம்னு உள்ள இருக்குறது ஒரு பட்டியல் வச்சிருக்கு. அதுல பேரு இல்லாட்டி வாயத் தொறக்காது."

நான் நம்பாததால் அந்தப் பட்டியல் இருக்கும் கோப்பைத் திறந்தே காட்டினார். அதைப் பற்றி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கியது, ஓடிவிட்டேன்.

2

பட்டியல் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு.

எங்கள் அத்தா போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் ஸ்டோர் பார்த்தவர். பறித்த பச்சைக் காயை அங்கே சூடு வைத்து உலர்த்துவார்கள். சீசனில் வாரக்கணக்காக மேலேயே தங்கிவிடுவார். அம்மாவும் நானும் கீழே போடியில். அத்தாவுக்கு வீட்டிலிருந்து ஏதாவது வேண்டுமென்றால் லோடு ஜீப்பு ஓட்டுகிறவரிடம் சொல்லிவிடுவார். சும்மா வந்து கேட்டால் அம்மா கொடுத்துவிடமாட்டார். அடையாளம் சொல்ல வேண்டும்.

அடையாளம் சொல்லி அனுப்புவது போடி, கம்பம் பக்கத்துக் கடை வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம்தான். அனுப்புகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தை வருகிறவர் வாயால் சொல்ல வேண்டும். போன வாரம் மொச்சைக் குழம்பில் உப்புக் கூடிப்போனது, சிலமலை பஸ்சில் செருப்பு அறுந்தது, இப்படி எதுவாகவும் இருக்கலாம். சொல் சரியாக வந்தால் பொருள் போகும். மற்ற வீடுகளில் ஏறக்குறையச் சரியாக இருந்தால் போதும். எங்கள் வீட்டில் போதாது. சந்தேகம் எங்களுக்குப் பரம்பரைச் சொத்து, பாகம் பிரிக்காமலே எல்லாருக்கும் முழுசாகக் கிடைத்தது. பொட்டிபுரத்து மலையைக் குடைந்து கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, "கண்ணுக்குத் தெரியாதத எதுக்குப் புடிக்கணும், யாருக்குக் குடுக்கப் புடிக்கணும்?" என்று அம்மா ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது ஒரு மழை மாதத்தில் தங்கச்சன் அண்ணன் வந்தார். மலையாளத்துக்காரர், நல்ல மனிதர், வருடக்கணக்காக அந்த ரோட்டில் ஜீப்பு ஓட்டுகிறவர். அத்தாவுக்கு இளைப்பு வந்துவிட்டது, வீட்டில் இருக்கும் மாத்திரையும் கம்பளியும் வேண்டும் என்றார். அம்மா கதவைப் பாதி திறந்து அதன் பின்னால் நின்றுகொண்டு, என்ன அடையாளம் என்று கேட்டார்.

"வெள்ளத்துல விழுந்த சாவி" என்றார் தங்கச்சன் அண்ணன்.

பத்து நாளுக்கு முன் அத்தா பீரோ சாவியைத் தண்ணீர்ப் பானைக்குள் போட்டுவிட்டு வீடெல்லாம் தேடியது எனக்கே தெரியும். தண்ணியில் விழுந்த சாவி என்று அத்தா சொல்லி அனுப்பியிருக்கிறார். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வருவதற்குள் தண்ணி வெள்ளமாகிவிட்டது. மலையாளத்தில் தண்ணீருக்கு அதுதான் பெயர்.

"எந்த வெள்ளம்?" என்றார் அம்மா.

"இத்தா, வெள்ளம்னா தண்ணிதானே. நமக்கு அதே வார்த்தைதானே வரும்."

"தண்ணின்னு சொல்லி விட்டா தண்ணின்னுதான் வரணும்."

கதவு மூடிவிட்டது. தங்கச்சன் அண்ணன் மழையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து அத்தாவை ஜீப்பில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். தேனி ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். அம்மாவை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மேலேயிருந்து அவர் எதையும் கேட்டு அனுப்பவும் இல்லை. அம்மாவிடம் இதை எடுத்தால் இன்றைக்கும் ஒரே பதில்தான்: "சொல்லு மாறிருச்சே, நா என்ன செய்ய?"

சின்ன வயதில் அம்மா பக்கம்தான் நியாயம் என்று நினைத்தேன். ரொம்ப நாள் அப்படியே நினைத்தேன்.

3

என் மகள் பர்ஹானாவுக்கு இப்போது பதினேழு. இங்கே வரும்போது ஆறு. போடித் தமிழ் அவள் வாயில் இருக்கிறது, ஆனால் உள்ளே எஸ்டோனிய எஞ்சின் ஓடுகிறது. அந்த மொழியில் அவனும் அவளும் ஒரே சொல். ஆண், பெண் பேதமே கிடையாது. அதனால் இவளும் சிநேகிதர்களைப் பற்றிச் சொல்லும்போது வந்துச்சு, போச்சு, சொல்லுச்சு என்றுதான் சொல்வாள். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளைத்தான் அப்படிச் சொல்வோம். இரண்டு வருடமாக நான் பெண் என்று நினைத்துக் குலாப் ஜாமூன் கொடுத்தனுப்பிய ஒரு சிநேகிதி, பள்ளி விழாவில் பார்த்தால் ஆறடி உயரத்தில் தாடியோடு நின்றது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று அவள் சொன்னாள். இல்லைதான். ஆனால் அதற்குப் பிறகு அவள் சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்தையும் மூட்டைக்குள் கை விட்டுப் பார்ப்பது மாதிரி துழாவிப் பார்க்க ஆரம்பித்தேன். அத்தா ஏலக்காயை அப்படித்தான் பார்ப்பார். மேலே கிடக்கிற காய் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

போன செப்டம்பரில் ஒரு திட்டத்துக்கு அவள் தேர்வானாள். ஒரு வருடம் போர்ச்சுகலில் வேறு ஒரு குடும்பத்தோடு தங்கிப் பள்ளிக்கூடம் போக வேண்டும். சோறு, படுக்கை, பாசம் எல்லாம் அவர்கள் தருவார்களாம். அவர்களுக்குப் பெயர் ஹோஸ்ட் குடும்பம். ஹோஸ்ட் அம்மா, ஹோஸ்ட் அப்பா. ஒரு நாயோடு படம் அனுப்பியிருந்தார்கள், நாயும் சேர்த்து மூன்று பேரும் பல் தெரியச் சிரித்தார்கள். முகம் தெரியாத பிள்ளைக்கு ஒரு வருடம் சும்மா சோறு போடுகிறவர்களுக்கு அப்படி என்ன சிரிப்பு?

"அந்த வீட்ல எங்க வயசுல ஒரு பிள்ள இருக்கும்மா. நல்லா நீச்சலடிக்கும்" என்றாள்.

எங்கள் ஊரில் பிள்ளை என்றால் பெண். இவள் ஊரில் யாரோ. படத்தில் அது இல்லை, படத்தை எடுத்ததே அதுதானாம். கேட்க வாய் வரவில்லை.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போகட்டுமா என்று அவள் கேட்ட அன்று நான் "பாப்பம்" என்றேன். போடியில் யாரிடமாவது பெண் கேட்டுப் போய், பாப்பம் என்று பதில் வந்தால் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். அதைவிடக் கண்டிப்பான மறுப்பு எங்களுக்குத் தெரியாது. முகத்துக்கு நேரே இல்லை என்பது மரியாதைக் குறைவு. ஆனால் பர்ஹானா அதைச் சொல் சொல்லாக எடுத்துக்கொண்டாள். அம்மா யோசிக்கிறார், பார்த்துச் சரியென்று சொல்வார் என்று நினைத்து, படிவங்களை நிரப்பத் தொடங்கினாள். ஒன்பது பக்கம். ஒவ்வாமை உண்டா, நீந்தத் தெரியுமா, பெற்றோரின் தாய்மொழி என்ன. இரண்டு பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். கப்பலுக்குப் போகுமுன் சாதிக் சந்தோஷமாகப் போட்டுவிட்டார். என்னுடையது மட்டும் பாக்கி. இன்றைக்குப் பேக்கரியில் சோலி, நாளைக்குத் தலைவலி என்று நாளைக் கடத்தினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிதான் கடைசி நேரம்.

4

அதற்கு முந்தின ஞாயிறு வீட்டில் யாருமில்லை. கணினி கூடத்து மேசையில் இருந்தது. எல்லாருக்கும் ஒரே கணினிதான். நான் ஒரு பிரவுசர் வைத்திருக்கிறேன், பர்ஹானா வேறொன்று. அவள் அதில் அந்தப் போர்ச்சுகல் வீட்டாரோடு தட்டச்சிட்டுச் சிரிப்பதை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாதிக் காட்டிய பட்டியல் ஞாபகம் வந்தது. யார் யார் பேசலாம் என்பதற்குப் பட்டியல் இருக்கிறதென்றால், யார் பேசுகிறார்கள் என்று பார்த்துவிடலாமே. அவர் திறந்த பாதையைத் தேடிப் பிடித்தேன். அன்றைக்குத் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்ததில் இந்தச் சொல் கண்ணில் படவில்லை. இப்போது பட்டது. நேட்டிவ் மெசேஜிங் ஹோஸ்ட்.

ஹோஸ்ட்.

அவர்கள் நாயோடு சிரித்துக்கொண்டே என் கணினிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், செய்தி அனுப்புவதற்கென்றே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீங்கள் சிரிக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அது பேயாகப் படவில்லை, பிடிபட்ட திருடனாகத்தான் பட்டது.

கோப்பைத் திறந்தேன். அனுமதிக்கப்பட்டவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். பெயர் என்றால் மனிதப் பெயர் இல்லை. முப்பத்திரண்டு ஆங்கில எழுத்து, வாயில் நுழையாத கோவை. என் பிரவுசரில் எக்ஸ்டென்ஷனின் பக்கத்தைத் திறந்தால் அதன் அடையாள எழுத்துகள் தெரிகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தேன். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது யார்?

சாதிக்கைக் கேட்க வழியில்லை, நடுக்கடலில் இருந்தார். கேட்க வழியிருந்தால் கேட்டிருப்பேனா என்பதும் நிச்சயமில்லை. இரண்டாவது வரியை அழித்தேன். மாற்ற உரிமை உண்டா என்று கணினி கேட்டது. அவருடைய கடவுச்சொல்லைப் போட்டேன். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. கோப்பு மூடியது. என் வீட்டுக்குள் பேச ஒரு வாசல் போதும் என்று சொல்லிக்கொண்டு போய்க் கறிக்கு மசாலா அரைத்தேன். அன்றைக்கு மனசு லேசாக இருந்தது.

5

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். நவம்பரில் இங்கே நான்கு மணிக்கெல்லாம் விளக்குப் போட வேண்டும். பர்ஹானா எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். அவளுடைய பிரவுசரில் படிவம் திறந்திருந்தது, எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டிருந்தாள். நான் அட்டையைச் செருகினேன். அவள் கையெழுத்துப் பொத்தானை அழுத்தினாள். எண் கேட்கும் சின்னச் சன்னல் திரையில் வரவில்லை. சிவப்பில் ஒரு வரி வந்தது.

"இந்த நேட்டிவ் மெசேஜிங் ஹோஸ்டுகிட்டப் போக அனுமதி இல்லையாம்" என்று படித்துச் சொன்னாள்.

"ஹோஸ்டா? அந்தப் போர்ச்சுகல்காரங்களா?"

சிரித்துவிட்டாள். "அவங்க இல்லம்மா. அட்டையப் படிக்கிற புரோகிராம் இருக்குல்ல, அதுக்குத்தான் ஹோஸ்ட்னு பேரு. என் பிரவுசரு அதுகிட்டப் பேசணும், அது பேசமாட்டேங்குது."

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஒரே வேலைக்கு இரண்டு பிரவுசர், இரண்டு எக்ஸ்டென்ஷன், அதனால் இரண்டு பெயர். நான் அழித்தது என் மகளின் பெயரை. பால் பொங்கிய அன்றைக்குச் சாதிக், மக வேற பிரவுசரு வச்சிருக்கா, அதுக்கும் சேத்துத்தான் என்று சொன்னது போலவும் இப்போது காதில் விழுந்தது. நிஜமாகச் சொன்னாரா, நானாக இப்போது சேர்த்துக்கொள்கிறேனா, தெரியவில்லை. கேட்டும் கேளாதவளாக இருந்துவிட்டேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம்.

வழியும் தெரிந்தது. என் பிரவுசரில் அதே படிவத்தைத் திறந்தால் போதும், என் பெயர் பட்டியலில் இருக்கிறது. ஒரு நிமிட வேலை. வாயைத் திறக்கவில்லை.

பர்ஹானா பெட்டியைக் கழற்றி மாட்டினாள். அட்டையின் தங்க நிறச் சில்லைச் சட்டை நுனியால் துடைத்தாள். கணினியை அணைத்துப் போட்டாள். அது எழுந்து வருவதற்கு ஏழு நிமிடம். உதவி எண்ணுக்குப் போன் போட்டாள், வரிசையில் ஒன்பதாவதாக இருக்கிறீர்கள் என்றது. நான் டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். நான் எதுவும் செய்யவில்லை, சும்மா நிற்கிறேன், இன்னும் அரை மணி இப்படியே போனால் தானாக முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அல்லா தடுத்துவிட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம். பிள்ளை ஒரு வாரம் அழுவாள், பிறகு சரியாகிவிடுவாள். வீட்டிலேயே இருப்பாள்.

கெட்டில் கொதித்தது. வெள்ளம் என்றால் தண்ணீர் என்று என் அம்மாவுக்குத் தெரியும். போடியில் அது தெரியாத ஆள் உண்டா? கதவை மூடும்போது அவருக்கு நன்றாகத் தெரியும். ஏன் மூடினார் என்று முப்பது வருடத்தில் முதல் முறையாகக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வராமல் மலையிலேயே கிடக்கிற புருஷன் மேல் என்ன கோபமோ.

டம்ளரோடு கூடத்துக்கு வந்தேன். மணி நாலு நாற்பத்தொன்று. அவள் மூக்கு சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"ம்மா, நீங்க பயப்படாதீங்க. ஒங்க அட்டையில ஒரு கோளாறும் இல்ல. நீங்க ஒண்ணும் தப்பா செய்யல. இது மிஷின் பிரச்சினைதான்."

நான் சிவப்பு வரியைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். ஆபீஸ்களில் என் பக்கத்தில் நின்று, நான் தடுமாறும் சொற்களை எடுத்துக் கொடுத்துப் பழகிய பிள்ளை. ஏழு வயதிலிருந்து அவள் அதைச் செய்கிறாள். இந்த நாட்டில் என் மேல் துளி சந்தேகமும் இல்லாத ஒரே ஆள் அவள்தான். டம்ளரை மேசையில் வைத்தேன். கேவலமாக இருந்தது.

"மிஷின் இல்ல பர்ஹானா. நாந்தான் அழிச்சேன்."

என்ன அழித்தேன், எப்போது, ஹோஸ்ட் என்பதை என்னவென்று நினைத்தேன் எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்த இடத்தில் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எம் பிரவுசர்ல தொற. அது பேசும்" என்றேன்.

எழுந்து வந்து என் பிரவுசரைத் திறந்தாள். படிவத்தின் முகவரியை அதில் ஒட்டினாள். பிறகு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"இதுல வேல செய்யும்னு ஒங்களுக்கு நாலு மணிக்கே தெரியுமா?"

"தெரியும்."

திரையில் படிவம் வந்து நின்றது. அவள் அதைப் பார்த்தபடியே பேசினாள், குரல் உயரவில்லை.

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்ம்மா. அத்தா கடலுக்குப் போயிட்டா நீங்க தனியா இருப்பீங்கன்னு நானே ரெண்டு தடவ அவங்களுக்கு வேணாம்னு எழுதி அழிச்சேன்."

இது எனக்குத் தெரியாது. மூட்டைக்குள் அத்தனை முறை கை விட்டும் இது என் விரலில் படவில்லை.

"இப்பச் சொன்னா?" என்றேன்.

என்னை வருத்தவேண்டும் என்று அவள் அடுத்ததைச் சொல்லவில்லை. அது எனக்கு நிச்சயம்.

"இப்ப நான் போகணும்."

நாற்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். எண் கேட்கும் சன்னல் உடனே வந்தது. யாராவது ரகசிய எண் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குச் சின்ன வயதில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். திருப்பிக்கொண்டாள். ஐந்து எண்ணையும் ஒன்றொன்றாக அடித்தேன். கையெழுத்து ஆகிவிட்டது என்று பச்சையில் வந்தது. மணி நாலு ஐம்பத்திரண்டு.

"ஆயிருச்சு, திரும்பு" என்றேன்.

அவள் கூடத்துச் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.